விற்காத பால்

1

சென்ற வாரம் என் மகன் சேதுவுக்கு நான்கு வயது நிறைந்தது. காலையிலேயே மார்ஜரி வந்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாட்டுப் பண்ணைக்காரரின் மனைவி அவர். இந்த இங்கிலாந்து ஊரில் என்னைப் பார்த்து, எப்போது திரும்பிப் போகப் போகிறீர்கள் என்று கேட்காத முதல் பெண்மணி. கையில் ஒரு பீங்கான் ஜாடி. அதில் அன்று விடியலில் கறந்த பால், மஞ்சளாக ஏடு கட்டி நின்றது.

தொழிற்சாலைக்கு அனுப்புகிற பால் இல்லையாம் இது. அவர்கள் வீட்டுக்கென்றே தனியாக வைத்திருக்கும் பசுவின் பாலாம். பையனுக்கு அப்படியே கொடு, அதில்தான் சத்து என்றார்.

நான் நன்றி சொன்னேன். பிறகு, யோசிக்காமல், ஜாடியைச் சாய்த்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். மார்ஜரி பார்த்துக்கொண்டு நின்றார். பால் பொங்கி அடங்கியதும், "அதைச் சமைத்துவிட்டாயே" என்றார். கோபமாக இல்லை. நாம் ஆசையாகக் கட்டிக் கொடுத்த பூவை ஒருவர் சாம்பாரில் போட்டால் எப்படிச் சொல்வோமோ அப்படிச் சொன்னார்.

அவர் போன பிறகு பாதி நாள் எனக்கு அதே நினைப்பு. சமைத்தது தப்பா, அவர் முன்னால் சமைத்தது தப்பா? இரண்டாவதுதான் என்று முடிவு செய்தேன். சாயங்காலம் இரண்டும் தப்போ என்று தோன்றியது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் இப்படித்தான். ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை அன்றைக்குள் மூன்று முறையாவது மாற்றிவிடுவேன்.

2

காரைக்குடிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விவரம் சொல்லவேண்டும். இவருக்கு, அதாவது சேதுவின் அப்பாவுக்கு, இங்கே ஒரு பால் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஊரில் இவரைப் 'பால் டாக்டர்' என்று சொல்கிறார்கள். திருத்தப் போனால் பெரிய கதை என்பதால் விட்டுவிட்டோம். அறுபத்தொன்பதில் எங்களுக்குக் கல்யாணம். அடுத்த வருடம் நான் இங்கே வந்தேன். வந்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நான் கேட்பதெல்லாம் பாக்டீரியாவின் குடும்பக் கதைதான்.

ஒவ்வொரு பண்ணையின் பாலிலும் கொஞ்சம் எடுத்து ஒரு நீலச் சாயத்தைச் சேர்த்து இளஞ்சூட்டில் வைப்பார்களாம். நீலம் அப்படியே நின்றால் நல்ல பால். சீக்கிரம் வெளுத்துவிட்டால் அதில் கிருமி அதிகம். வெளுத்த பாலின் சொந்தக்காரருக்கு உடனே ஒரு கடிதம் போகும். கடிதம் எழுதுகிறவர் இவர். அன்புள்ள ஐயா என்று தொடங்கி, உங்கள் மாட்டின் மடியைக் கழுவுகிறீர்களா என்று கேட்கும் கடிதம். எழுபது வயதுப் பண்ணைக்காரருக்குக்கூடக் கை நடுங்காமல் எழுதுவார்.

கறப்பதற்கு முன் மடியை வெந்நீரில் கழுவ வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணியால் துடைக்க வேண்டும். முதல் பீச்சலைக் கறுப்புத் தட்டு வைத்த கோப்பையில் விட்டு, திரி திரியாக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த மாட்டின் மடியில் நோய். அதன் பால் விற்பனைக்குப் போகக் கூடாது. இதையெல்லாம் செய்யவேண்டியது பண்ணைக்காரரின் பொறுப்பு. வாங்குகிறவளுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. வாசலில் வைத்திருக்கும் பாட்டிலின் மூடியைக் கிழித்து ஊற்றவேண்டியதுதான்.

சேது, பால் என்றால் பாட்டிலில் விளைவது என்றுதான் நினைத்திருந்தான்.

மார்ஜரியின் ஜாடியைப் பற்றி இவரிடம் சொன்னபோது, அவர்கள் பண்ணைப் பாலில் நீலம் நன்றாக நிற்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அது அவர்கள் விற்கிற பால். வீட்டுக்கென்று வைத்திருக்கும் பசுவின் பாலை யார் சோதித்தார்கள் என்று கேட்டேன். இவர் கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்கு, நீ சொல்வது சரி என்று அர்த்தம்.

3

நம் ஊரில் இந்தப் பொறுப்பு முழுவதும் நேர்மாறாக இருக்கும். காரைக்குடியில் என் பிறந்த வீட்டு வாசலுக்கே மாட்டை ஓட்டி வந்து கறப்பார்கள். கறக்கும்போது வீட்டிலிருந்து ஒருவர் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். நிற்பது தண்ணீர் கலக்காமல் பார்ப்பதற்கு. மடியில் சாணி அப்பியிருந்தாலும், மாட்டின் வால் செம்புக்குள்ளே வந்து போனாலும் யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அது காய்ச்சினால் போய்விடும். தண்ணீர் காய்ச்சினாலும் போகாது அல்லவா.

மாட்டுக்காரர் தண்ணீர் கலக்காமல் இருந்தால் யோக்கியர். மீதி எல்லாவற்றையும் அடுப்பு பார்த்துக்கொள்ளும். அடுப்பைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண். நானும் சுகாதாரப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். பாலைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் இறந்துவிடும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியை நம்பித்தான் போன வருடம் பங்குனி வெயிலில், மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனேன்.

4

மாமனார் வீடு சாக்கோட்டையை ஒட்டிய ஒரு கிராமத்தில். வயலோடு கறவை மாடுகளும் உண்டு. மாமியார் கறப்பார், நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமா சைக்கிளில் கொண்டுபோய் காரைக்குடியில் சில வீடுகளுக்கும், புதுவயலில் அரிசி ஆலைகளுக்கு நடுவே உள்ள ஒரு டீக்கடைக்கும் ஊற்றுவார். அவர் பாலில் தண்ணீர் இருந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அதை அவரே தினமும் ஒருமுறை சொல்வார்.

போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே இவர் சேதுவின் பாஸ்போர்ட் விஷயமாகச் சென்னைக்குப் போய்விட்டார். பிறந்த சான்றிதழில் குழந்தையின் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. இரண்டும் ஒரே குழந்தைதான் என்று இரண்டு அலுவலகங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

சேதுவைத் தொழுவத்துக்குக் கூட்டிப்போய் அத்தை பால் கறப்பதைக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில், அழுக்கு என்றான். பேரன் என்ன சொல்கிறான் என்று அத்தை கேட்டார். மாடு அழகாக இருக்கிறது என்கிறான் என்றேன். அத்தை மகிழ்ந்து, கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் பாலை அவனிடம் நீட்டினார். நான் குறுக்கே புகுந்து, இங்கிலாந்து டாக்டர் காய்ச்சித்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று, இல்லாத டாக்டர் ஒருவர் மேல் பழியைப் போட்டேன்.

"ஊருக்கெல்லாம் ஊத்துறோம், ஒருத்தரு ஒண்ணும் சொல்லலை. எம் பேரனுக்கு டாக்டரைக் கேட்டுத்தான் ஊத்தணுமாக்கும்" என்றார் அத்தை. ஆனாலும் காய்ச்சித்தான் கொடுத்தார்.

அந்த வாரத்தில்தான் செவலைப் பசுவின் மடி ஒரு பக்கம் வீங்கியது. மாமா மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் காம்பு வழியாக மருந்து ஏற்றினார். தொடர்ந்து மருந்து போடவேண்டும், நான் சொல்லும்வரை இந்த மாட்டுப் பாலை விற்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா அதை அப்படியே கேட்டார். செவலைதான் வீட்டிலேயே அதிகம் கறக்கும் மாடு. அன்றைக்கே சைக்கிளில் வீடு வீடாகப் போய், மாட்டுக்கு மடி சரியில்லை, கொஞ்ச நாளைக்குப் பால் குறையும், வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். டீக்கடைக்காரர், மற்ற மாட்டுப் பாலோடு கலந்து ஊற்றுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது என்றாராம். மாமா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உங்கள் அப்பாவுக்குக் கடிதம் எழுதவேண்டிய தேவையே வராது என்று இவருக்கு எழுதிப் போட்டேன்.

விற்காத பால் எங்கே போகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். மாட்டு டாக்டரும் அதைச் சொல்லவில்லை. விற்காதீர்கள் என்றுதானே சொன்னார்.

5

பாலைக் கீழே ஊற்றும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. செவலையின் பாலை அத்தை துணியில் வடிகட்டினார்; திரிதிரியாக இருந்ததெல்லாம் துணியிலேயே நின்றுவிட்டது. ஒரு வேளைப் பால் போதாது என்று, சாயங்காலம் கறந்ததைத் தனிப் பாத்திரத்தில் அப்படியே வைத்திருந்து, மறுநாள் காலையில் கறந்ததையும் சேர்த்து, வெல்லம் போட்டுத் திரட்டுப்பால் கிண்டினார். ஊரில் விற்க முடியாத பால்; பேரனும் வந்திருக்கிறான்; மருமகளோ காய்ச்சாமல் கொடுக்க விடமாட்டேன் என்கிறாள். மூன்றுக்கும் சேர்த்து அத்தை கண்டுபிடித்த வழி அது. இவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்ததில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டோடு எல்லோரும் சாப்பிட்டோம். சேது இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

வெயில் சாய்வதற்குள் சேது வாந்தி எடுக்க ஆரம்பித்தான். நிற்கவே இல்லை. கண் உள்ளே போய், கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தான். மாமா வாடகைக் கார் பிடித்து வந்தார். காரைக்குடி ஆஸ்பத்திரியில், குழந்தை என்ன சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்டார். "வெளியில ஒரு மிட்டாய்கூட வாங்கிக் குடுக்கலை. எல்லாம் வீட்டுச் சாமான்தான்" என்றார் அத்தை. டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் சேது எழுந்து உட்கார்ந்து, இங்கிலீஷில் பிஸ்கட் கேட்டான். எங்கள் யாருக்கும் அது தமிழ் இல்லையே என்ற குறை அன்றைக்குத் தோன்றவில்லை.

வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கண் பட்டுவிட்டது, வெளிநாட்டுத் தண்ணீர் குடித்த வயிறு இந்த ஊரைத் தாங்கவில்லை. என் கொழுந்தனாரும் வயலில் வாந்தி எடுத்திருக்கிறார். அது வெயிலால் வந்தது என்றார்கள். அவர் மனைவி வள்ளியும் எடுத்தாள். அதை யாரும் பேசக்கூட இல்லை, அவளுக்கு அப்போது மூன்றாவது மாதம்.

இவர் சென்னையிலிருந்து வந்தது அன்று மத்தியானம். வந்தவுடன் யார் யார் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் மாறிவிட்டது. நோய் பிடித்த மடியிலிருந்து வந்த கிருமி, பால் வெயில் காலத்தில் காய்ச்சாமல் இருந்த நேரத்தில் பெருகியிருக்கும். அப்போது அது பாலில் ஒரு விஷத்தை விட்டுவிடும். அப்புறம் காய்ச்சினால் கிருமி சாகும், விஷம் போகாது என்றார்.

"அப்ப அடுப்படியில நான் என்ன செஞ்சிருக்கணும்?"

"அடுப்படியில ஒண்ணும் செய்ய முடியாது. மாட்டுக்கிட்டயே நிறுத்தணும்."

நான் படித்த பாடத்தில் இந்த வரி இல்லை. தொழுவத்தில் நடந்த தப்பையெல்லாம் அடுப்பு திருத்திவிடும் என்று நம்பித்தான் நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாலைப் பொங்கவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

செவலையின் மடியில் வீக்கம் இன்னும் வடியவில்லை. அன்று காலையில் கறந்த பால் மறுபடியும் அதே தனிப் பாத்திரத்தில் இருந்தது. பேரனுக்கு இனி வேண்டாம், வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, வள்ளிக்குத் திரட்டிக் கொடுக்கிறேன், பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள் என்றேன். இவர் முற்றத்து வரை போனார். தந்தையும் மகனும் மழையைப் பற்றியும் கண்மாயைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். இவர் திரும்பி வந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றார். அங்கே ஊரில் உள்ள பெரியவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதுகிறீர்களே என்றேன்.

"அவுக யாரும் எங்கப்பா இல்லையே" என்றார்.

6

நான் எத்தனை தடவை எழுந்து எத்தனை தடவை உட்கார்ந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் சொன்னால், நாலு எழுத்துப் படித்துக் கடல் தாண்டியவள் மாமியார் கைப்பாலை விஷம் என்று சொன்னாள் என்ற பேச்சு சாகும்வரை நிற்கும். சொல்லாவிட்டால் வள்ளி சாப்பிடுவாள். வள்ளி என்னைவிட நல்ல மருமகள். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. கடைசியில் அத்தை அடுப்பைப் பற்ற வைக்கும் சத்தம் கேட்டுத்தான் போனேன். மாமா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, டாக்டரு சொன்ன அன்னைக்கே நீங்க இந்தப் பாலை ஒரு வீட்டுக்கும் ஊத்தலை. எங்களையும் அப்படி ஒரு வாடிக்கை வீடா நெனச்சுக்கிருங்க மாமா."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது துணியைக் கீழே வைத்தார்.

"என்னத்தா பேசுற? காசு குடுத்து வாங்குறவுகளும் எம் பேரனும் ஒண்ணா?"

"வாங்குறவுகளுக்கு ஒண்ணுன்னா வந்து சண்டை போடுவாக மாமா. அவனும் வள்ளியும் குடுத்ததைச் சாப்பிட்டுருவாக."

சமையற்கட்டில் அத்தையின் கை நின்றது கேட்டது. மாமா உள்ளே போய்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்குட்டுத்தா ஊத்துறது?" என்றார்.

அது நியாயமான கேள்வி. பாலை ஊற்ற அந்த வீட்டில் இடமே இல்லை. சாக்கடையில் ஊற்றினால் பாவம். கிணற்றடியில் மிதிபடும். மாட்டுக்கே வைத்தால் மாடு தன் பாலைக் குடித்த பழி வரும். கடைசியில், வயலோரம் இருக்கும் பாம்புப் புற்றுக்கு ஊற்றிவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். பாம்புக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை; ஒரு நாளைக்கு ஒரு தைரியம்தான் என்னால் முடியும்.

மாட்டு டாக்டர் போதும் என்று சொல்லும்வரை மாமா இரண்டு வேளையும் புற்றுக்குப் பால் கொண்டுபோனார். பேரனுக்கு உடம்பு தேறியதற்காக வேண்டுதல் செலுத்துகிறார் என்று ஊர் பேசிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி மஞ்சளும் குங்குமமும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். மாமா யாரையும் மறுக்கவில்லை. பாலைக் கீழே ஊற்றியவர் என்பதைவிட அது நல்ல பேர்தானே.

அத்தை ஏமாறவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சொல்லவேண்டியதைச் சேதுவிடம் சொல்வார். சேதுவுக்கு அதில் பாதி புரியாது. என்ன சொன்னார் என்று வள்ளி வந்து எனக்குச் சொல்வாள். ஒரு தடவை வள்ளி, "அக்கா, எனக்கும் அன்னைக்கு வாந்தி வந்துச்சே, அதுவும் பாலுதானா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லவேளை, பிள்ளை சேட்டை பண்ணுதோன்னு நெனச்சேன்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். புரட்டாசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறாள்.

புறப்படுகிற அன்று, பெட்டிகளைக் காரில் ஏற்றிய பிறகு, அத்தை ஒரு தகர டப்பாவோடு வாசலுக்கு வந்தார். உள்ளே அரிசி முறுக்கும் சீடையும். அதை என் கையில் கொடுத்து, அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இதுல ஒரு சொட்டுப் பாலு இல்ல. பயப்படாமக் குடு."

லண்டன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, டப்பாவை எடுத்துக் குலுக்கி, மாமிசம், பால், முட்டை ஏதாவது சேர்த்திருக்கிறதா, உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார். வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விக்கு நான் இவரைப் பார்ப்பேன். இவர் காகிதத்தைப் பார்ப்பார். அன்று இரண்டும் தேவைப்படவில்லை. அந்த டப்பாவுக்கு மட்டும், செய்தவரே வாசல் வரை வந்து உத்தரவாதம் கொடுத்து அனுப்பியிருந்தார்.